யாரும் கூப்பிடாத போன்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். வண்டி ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள் என்று ஊருக்குச் சொல்ல, ஒரு நிமிஷ வீடியோ எடுத்துத் தர வேண்டுமாம். ஒருத்தி சத்தமாகப் பேசினாள். கண்ணாடி போட்டவள் ஜன்னலோரம்.

“எங்க மாமா பட்டு நூல் மூட்டைய வெச்சுக்கினு பைக்ல வருவாரு. பிள்ளையார்பாளையம் திருப்பத்துல பாக்கெட்ல போன் அடிக்கணும். குனிஞ்சு பாப்பாரு. அவ்ளோதான் சீன்.”

“நேத்தே எடுக்கப் போனியே?”

“எங்க! மாமா போன்ல படம் எடுக்கலாம்னு என் போனதான் அவர் பாக்கெட்ல வெச்சேன். திருப்பம் வர்றதுக்குள்ள எங்கம்மா கூப்பிட்டாங்க. அடுத்த தபா அக்கா. அப்புறம் நம்ம க்ளாஸ் பசங்க. மாமா கடுப்பாயி போயிட்டாரு.”

“என் போன வெச்சுக்கோ. அதுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க.”

அதுவரை காதில் வாங்காதது போல்தான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சூப்பர்பா! ஒரு வாட்டி அடிச்சுப் பாத்துடலாம். உன் நம்பர் என்கிட்ட இல்லியே.”

“க்ளாஸ் க்ரூப்ல பேரில்லாம ஒரு நம்பர் இருக்கும் பாரு. அது நான்தான்.”

பஸ்ஸில் எங்கோ போன் அடித்தது. ஆளாளுக்குப் பையைத் தடவினார்கள். கண்ணாடிக்காரியும் யாருடையது என்று திரும்பிப் பார்த்தாள்.

“ஏய், உன்னுதுதான் அடிக்குது.”

பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள். “இதுவா என் ரிங்டோன்?”

“நல்லாதான் கேக்குது. கட் பண்ணிடறேன்.”

“இருப்பா. இன்னும் கொஞ்சம் அடிக்கட்டும்.”