நடுவில் தூண் இல்லாத அறை

இடிந்து விழுந்த மாடி அறையின் பலகைகளைத் தூக்கி எறிந்துகொண்டிருந்தபோது என் வேட்டி அவிழ்ந்துவிட்டது, சார். டீக்கடை ஷிஜுதான் ஓடிவந்து கட்டிவிட்டான். கையெல்லாம் ஆணி கீறி ரத்தம். பக்கத்தில் மருமகன் சுஜின் மண்டியிட்டு, "ஆதிரா... ஆதிரா..." என்று நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தான். உள்ளே கிடந்தது என் மகள். ஃபயர் சர்வீஸ் வந்து எடுத்தபோது உயிர் இல்லை.

வாக்குமூலத்தை நீங்கள் மலையாளத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் சொன்னால்தான் எனக்கு வரிசையாக வரும்.

பழவங்காடிப் பக்கம் எனக்கு மரக்கடை. இடித்த வீடுகளின் பழைய மரத்தை வாங்கி விற்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் இரண்டு பேரும் என்னோடுதான் இருந்தார்கள். மனைவி போனபின் அந்த வீட்டில் லைட் போட வேறு ஆள் கிடையாது. சுஜின் பொன்முடிக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். அந்த மலைப்பாதையில் கல்லாறு ஊரில் வண்டி ஷெட் கட்டி, அதற்கு மேலேயே அறை போட்டுக் குடிபோகிறோம் என்றான்.

"நடுவுல தூண் வச்சிராதீங்க மாமா. ரெண்டு வேனும் உள்ள கேறணும்."

"தூண் இல்லாம எப்பிடி நிக்கும் மாப்ளே?"

"அதுக்குத்தானே மரக்கடை மாமனாராப் பாத்துக் கெட்டினேன்."

"பின்னே, என்னைப் பாத்து இல்லியா?" என்று ஆதிரா அவன் முதுகில் அடித்தாள். நானும் சிரித்தேன்.

தூண் இல்லாமல் சுவருக்குச் சுவர் தாண்ட, ஒரே நீளத்தில் ஓடுகிற உத்தரம் வேண்டும். அகலத்தைவிட உயரம்தான் பாரம் தாங்கும். அப்படிப்பட்ட ஆஞ்சிலி மர உத்தரம் கடையிலேயே கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. இரண்டு துண்டுகளை நடுவில் கோத்து ஒட்டுப்போட்ட பழைய உத்தரங்களை எடுத்தேன். அவை முன்பு இருந்த வீட்டில் ஒவ்வொரு ஒட்டுக்கு அடியிலும் ஒரு தூண் நின்றது. அதனால்தான் தலைமுறை தலைமுறையாக அசையவில்லை. ஒட்டுகளை மெழுகும் மரத்தூளும் வைத்து அடைத்து, பாலிஷ் போட்டு அனுப்பினேன். பெண்ணைப் பெற்றவன் கொடுக்கிற மரத்தைத் தட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. ஆசாரியும் தட்டாமலே ஏற்றினார்.

பால் காய்ச்சுக்குத் தேக்குக் கட்டிலும் இரும்பு அலமாரியும் சீராகக் கொடுத்தேன். "மலையோரம், சுவர்ல ஈரம் அடிக்கும். நடுவுல போடுங்க" என்றேன்.

சுஜின்மேல் எனக்குக் கோபமில்லை சார். நல்ல பையன். தினமும் காலையில் அந்த அறைக்கு நேர் கீழே வண்டி கழுவுவான். மரம் விழுகிற விதம் எனக்குத் தெரியும். மேலே இருப்பவள் பலகையோடு, மெத்தையோடு இறங்குவாள். கையோ காலோ முறியலாம், அது கூடிவிடும். கீழே இருப்பவன்தான் பிழைக்க மாட்டான். ஆதிரா வீட்டுக்கு வருவாள். கொஞ்ச நாள் அழுவாள். பிறகு சமைக்க ஆரம்பிப்பாள்.

விழுந்த நேரத்தில் அவன் வாளியில் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தான். அலமாரி அவள்மேல் சரிந்தது. இரண்டும் நான் நினைக்காதது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று காலை நான் கல்லாறு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது ஆதிரா போன் பண்ணினாள். மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினோம் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். அது பொய்.

"அப்பா, தரை கிறீச்சு கிறீச்சுங்குது. பயமாருக்கு. அவரையும் கூப்பிட்டு வெளிய போயிரட்டா?" என்றாள்.

அவன் எங்கே என்று கேட்டேன். கீழே வண்டி கழுவுகிறான் என்றாள்.

"புது வீட்டுல மரம் சத்தம் போடத்தான் செய்யும் மக்ளே. அவனைக் கூப்பிடாண்டாம். நீயும் எறங்காண்டாம். கட்டில்ல போய்ப் படு" என்றேன்.