பவன்குமார் மறைத்த வலி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் உடற்பயிற்சிக் கூட உரிமையாளர் வேங்கடாசலம் ஐயா அவர்களே, விஜயபுரம் வேர்க்கடலை மண்டியிலிருந்து வந்திருக்கும் மேஸ்திரி ரங்கன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பவன்குமார் அண்ணனின் மனைவி ருக்மணி அண்ணி அவர்களே, திருப்பதியிலும் ஸ்ரீசிட்டியிலும் சுமை தூக்கிப் பிழைக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் பயிற்சியாளர் பவன்குமார் அவர்கள் மறைந்து பதினோரு நாள் ஆகிறது. அவர் பாடையை ஆறு பேர் தூக்கினோம். அதில் நான்கு பேர் முழங்காலை மடக்காமல் முதுகை வளைத்துத் தூக்கினீர்கள். எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள்! துக்க வீட்டில் இதையா பார்ப்பாய் என்பீர்கள். அவர் பார்த்திருப்பார். "கீழ வைங்கடா, திரும்பத் தூக்குங்க" என்று சொல்லியிருப்பார்.

யார் இந்தப் பவன்குமார்? பதினேழு வயதில் மண்டியில் மூட்டை தூக்க வந்தவர். பத்து ஆண்டுகள் தூக்கிவிட்டு நம் கூடத்துக்குப் பயிற்சியாளராக வந்தவர். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் குழாய். குந்தி எழுபவனின் முதுகோடு அதைச் சேர்த்துப் பிடிப்பார். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு, மூன்றும் குழாயைத் தொட வேண்டும். ஒன்று விலகினாலும் எடையைக் கூட்ட விடமாட்டார்.

"இன்னாடா நிதின், நாற்காலில குந்தறப்போ இடுப்பைத்தானே பின்னாடி தள்ளுற? இங்க மட்டும் இன்னாத்துக்கு முதுகை வளைச்சுக்கினு போற? கீழ எறும்பு எண்ணுறியா?"

நூறு கிலோ தூக்கிக் காட்டுகிறேன் என்று வந்த நிதினை, வெறும் குழாயோடு மூன்று வாரம் குந்த வைத்தார். இன்று நிதினின் முதுகு நன்றாக இருக்கிறது. பயிற்சியாளரின் முதுகு?

திடீரென்று சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை! மண்டியில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் மூட்டையைத் தொடுவதற்கு முன்பே டீயோடு ஒரு வலி மாத்திரை. வலி வரட்டும் என்றுகூடக் காத்திருப்பதில்லை. ரங்கன் அவர்களே, நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள்: "டீயோட ஒண்ணு போட்டுக்கினா சாய்ந்தரம் வரைக்கும் முதுகு இருக்கறதே தெரியாது நைனா."

முதுகு போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதற்குத்தான் மாத்திரை. பவன்குமார் மண்டியை விட்டார், மாத்திரையை விடவில்லை. தினம் ஒன்று மூன்றானது. முப்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் போயின.

இதில் என் பங்கையும் சொல்கிறேன். நான் இயன்முறை மருத்துவம் படித்தவன். நான்கு ஆண்டுகள் அவரோடு ஒரே கூடத்தில் வேலை செய்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் கேட்டார்.

"டாக்டரு, தூக்கற ஃபார்ம் கரெக்டா இருந்தும் ஒருத்தனுக்கு இடுப்பு வலிச்சா இன்னா அர்த்தம்?"

நான் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஃபார்ம் தப்புன்னு அர்த்தம்ணா."

"சரி டாக்டரு" என்று சிரித்துவிட்டுப் போனார்.

யாருக்கு வலி என்று கேட்டேனா? பழைய காயம், நரம்பு, டிஸ்க் என்று எத்தனையோ காரணங்கள் இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும்! பொறுமை இல்லை. அவசரமாக ஒரு பதிலை எறிந்தேன். அதன்பிறகு எந்தப் பயிற்சியாளர் தனக்கு வலி என்று சொல்வார்?

ரங்கன் அவர்களே, வரும் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, மூட்டை தூக்குபவர்களின் முதுகைப் பார்க்க உங்கள் மண்டி வாசலில் நிற்பேன். வாரா வாரம் வருவேன். வலிக்கிறது என்று சொல்பவனை வேலையிலிருந்து நிறுத்த மாட்டேன் என்று நீங்கள் இங்கேயே, இந்த ஒலிபெருக்கியிலேயே சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது.

அண்ணி, அவருடைய குழாயை எனக்குக் கொடுங்கள். அதை ஒருவன் முதுகில் வைக்கும் முன் எங்கே வலிக்கிறது என்று கேட்பேன். அவன் வாய் திறக்கும்வரை நிற்பேன்.