சிவப்புக் காடிக்குப் புது கிளட்ச்சு

– இன்னும் கொஞ்சம் இழு, காளி. கியர்பாக்ஸு வருது, வருது...

– எங்க வருது? காலையிலேருந்து இதையேதான் சொல்லிக்கிட்டு இருக்க. என் தோள்பட்டைதான் கழண்டு வருது.

– மேல ஒரு போல்ட்டு மிச்சம் இருக்குமோ?

– எல்லாத்தையும் கழட்டியாச்சுன்னு நீதான்டா சொன்ன, தேவா! வீடியோவுல மூணு தடவ பாத்தேன், மனப்பாடம் ஆயிடுச்சுன்ன.

– வீடியோவுல அந்த ஆளு காடிய தலைக்கு மேல தூக்கி வச்சு, நின்னுக்கிட்டே கழட்டுறான் லா. நாம உன் வீட்டுப் போர்ச்சுல அட்டைப்பெட்டிய விரிச்சு, காடிக்கடியில மல்லாந்து கெடக்கோம். எண்ணெ பூரா என் கண்ணுலதான் சொட்டுது.

– சும்மா இரு லா. கைய விட்டுத் தடவிப் பாரு.

– இரு... இருக்கு. ஸ்டார்ட்டருக்குப் பின்னால ஒண்ணு ஒளிஞ்சிக்கிட்டு இருக்கு.

– அலாமாக்! அத வச்சுக்கிட்டா இவ்வளவு நேரம் இழுத்தோம்?

– கத்தாத. தங்கச்சி காதுல விழப்போவுது.

– விழட்டும். எம்பொண்டாட்டிதான் சாயந்தரம் அந்த ஆள வரச் சொல்லியிருக்காளே.

– எந்த ஆள?

– இருளப்பன்னு ஒருத்தன், செர்டாங்குல இருக்கான். இந்தக் காடிய வெலைக்கு வாங்க ரொம்ப நாளா கண்ணு அவனுக்கு. மாலாவே போன் போட்டு வரச் சொல்லிட்டா. அவன் வர்றதுக்குள்ள காடி சொந்தமா கேட்டத் தாண்டிப் போயி, சொந்தமா உள்ள வந்துடணும். வந்துடுச்சுன்னா காடி வீட்டோட. இல்லன்னா சாவி அவன் கையில. அதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு.

– அடப்பாவி, இத மொதல்லயே சொல்ல வேணாமா? நான் என்னமோ சும்மா லீவு நாளு, பொழுது போவட்டும்னு வந்தேன்.

– சொன்னா உன் கை நடுங்கும். உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?

– ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, காருன்னு பேரு. பாசார்ல ஒரு மூட்ட அரிசி வாங்குனா வைக்க இடமில்ல. இதுக்கா இவ்வளவு பாடு?

– உனக்குப் புரியாது லா. வாரம் பூரா நான் பேக்டரி பஸ் ஓட்டுறேன். கோலா கெத்தில்லேருந்து கிளம்பி, எஸ்டேட்டு எஸ்டேட்டா பூந்து, வேலைக்குப் போற பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு சுங்கை பட்டாணி போயி எறக்கணும். சாயந்தரம் அதையே திருப்பிச் செய்யணும். வெள்ளிக்கிழமை லீவு, அந்த ஒரு நாளு இதுல ஏறி உக்காந்து, யான் ஊரு வரைக்கும் வயக்காட்டு ரோட்டுல ஒரு மிதி மிதிச்சுட்டு வந்தாத்தான் நானும் ஒரு டிரைவருன்னு இருக்கு.

– உன் பஸ்ஸப் பத்தி ஷாமளா என்னா சொல்லும் தெரியுமா? காளி மாமா ஓட்டுனா தொட்டில்ல தூங்குற மாதிரின்னு சொல்லும். எம்பொண்ணு பேக்டரியில சேந்த நாள்லேருந்து அந்த பஸ்ஸுலதான் பாதித் தூக்கம்.

– இன்னமும் அப்படித்தான் சொல்லுதா?

– இப்ப... கொஞ்சம் குலுக்குதுன்னு சொல்லுச்சு.

– அது பஸ்ஸு கிளட்ச்சும் போச்சுல்ல, அதான். போன மாசம் கம்பெனியில புதுசு போட்டாங்க. இந்த வருஷம் என் ராசி அப்படி. போல்ட்டு வந்துச்சா?

– வந்துச்சு. இப்ப இழு. மெதுவா... மெதுவா... புடி! புடி, காளி! நெஞ்சுல வருது!

– முட்டுக் குடுக்க அந்தப் பலகையத் தள்ளு!

– எந்தக் கையால தள்ள? ரெண்டு கையும் இதுக்கடியில இருக்கு!

– அய்யோ... மூச்சு முட்டுது...

– தங்கச்சியக் கூப்பிடவா?

– கூப்பிடாத! இந்தக் கோலத்துல பாத்தா இப்பவே அந்த ஆளுக்கு போன் போட்டுடுவா.

– அப்ப என்னாதான் செய்ய? ஆளுக்குப் பாதியா நெஞ்சுல வச்சுக்கிட்டு சாயந்தரம் வரைக்கும் கெடப்போமா?

– என்னாங்க இது? ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கிட்டு படுத்துருக்கீங்க?

– மாலா! ஒண்ணுமில்ல மாலா. எறக்கியாச்சு. முடிஞ்ச மாதிரிதான்.

– தங்கச்சி, அந்தப் பலகைய மட்டும் காலால இந்தப் பக்கம் தள்ளிவிடும்மா. கோடி புண்ணியம்.

– தள்ளிட்டேன். எழுந்து வந்து தண்ணி குடிங்க. தேவன் அண்ணே, உங்களுக்கு பால் ஊத்தி ஆத்துன தே தாரேக். இவருக்கு பாலும் சீனியும் போடாத தே ஓ கோசோங்.

– ஒரு நாளைக்காச்சும் அதுல கொஞ்சம் சீனி போடு லா.

– கேட்டீங்களாண்ணே? இனிப்புநீர் வியாதி, ரத்தத்துல சீனி ஏறிக் கெடக்கு, இவரு சீனி கேக்குறாரு. கிளினிக்குல கால் பாக்கணும்னு கூப்பிட்டாங்க. காடி சாமான் வாங்கணும்னு போகல. என்னாங்க, இடது கால் சிலிப்பரு எங்க?

– போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

– எங்க போட்டிருக்கீங்க? வெறுங்கால். இதே கூத்துதாண்ணே இப்ப. போன வாரம் ரெண்டு சிலிப்பரோட பாசாருக்குப் போனாரு, ஒத்த சிலிப்பரோட வந்து நிக்கிறாரு. கழண்டது தெரியலயாம். அவ்வளவு காடி நெனப்பு!

– ஹஹ்ஹா... அந்த ஒத்த சிலிப்பர எவன் எடுத்துட்டுப் போனானோ!

– சிரிங்கண்ணே, சிரிங்க. சாயந்தரம் நான் சிரிக்கிறேன்.

– உள்ள போயிட்டாளா, தேவா?

– போயிட்டா. காளி, இங்க வா. பழைய கிளட்ச்சு பிளேட்டக் கழட்டிட்டேன். இதப் பாரு.

– தேஞ்சிருச்சு.

– தேயலடா, கருகியிருக்கு. மோந்து பாரு. பிளைவீலு சூட்டுல நீலம் பாஞ்சு கெடக்கு. தீபாவளிக்கு முன்னதான இதப் போட்ட? ஓட்டும்போது கிளட்ச்சு பெடல்ல கால வச்சுக்கிட்டே இருந்தா இப்படித்தான் ஆகும்.

– யாருகிட்ட சொல்ற? செம்பனை லோரி ஓட்டுனவன் நான். மேட்டுல, சேத்துல, முழு லோடோட. பெடல்ல கால வச்சு ஓட்டுறது நேத்து லைசன் எடுத்தவன் செய்யிற வேலை. சாமான் சரியில்ல, அவ்வளவுதான்.

– பஸ்ஸுலயும் சாமான் சரியில்லயா?

– தேவா, கடுப்பேத்தாத.

– கேட்டேன் லா. கேட்டதுக்கே கோவம் வருது.

– கேள்வியெல்லாம் அப்புறம் கேளு. பேரிங்கக் கழட்டு.

– அந்தக் கம்பி கிளிப்ப நெம்பணும். கொஞ்சம் தள்ளி நில்லு... அட! தெறிச்சிடுச்சு!

– எங்க?

– உன் பக்கம்தான் வந்துச்சு. அட்டையில தேடு.

– காணோம். விடு லா, புது பேரிங் பெட்டிக்குள்ள இன்னொண்ணு குடுத்துருக்கான்.

– அது சரி, காளி, முனை ஊசி மாதிரி இருக்கும். சிலிப்பரப் போட்டுக்க.

– தீயில நடந்த காலுடா இது. கம்பி என்னா செய்யும்?

– ஆரம்பிச்சிட்டியா?

– ஏன், பொய்யா? தீமிதிக்கு நீயும்தான் எறங்குன. உனக்கு ரெண்டு காலும் கொப்பளிச்சு, பேக்டரிக்கு லீவு போட்டுட்டு மருந்து பூசிக்கிட்டு கெடந்த. எனக்கு? ஆத்துத் தண்ணியில நடந்த மாதிரி இருந்துச்சு. பூசாரி என்னா சொன்னாரு?

– ஆத்தா உன்னக் கையில ஏந்திக்கிட்டான்னாரு.

– அப்புறம்?

– அப்புறம் என்னா, எல்லாரும் உன் கால்ல விழுந்தாங்க. எம்பொண்டாட்டியும் விழுந்தா. விழுந்து எழுந்து, என்னப் பாத்தா பாரு ஒரு பார்வை! விரதத்துல என்னா திருட்டுத்தனம் பண்ணீங்கன்னு இன்னிக்கி வரைக்கும் கேக்குறா. ஒரு ரொட்டி சானாய்கூட தொடலடா நான்.

– அதெல்லாம் குடுப்பினை, தேவா. நீ பிளேட்ட வை. எந்தப் பக்கம் உள்ள போவுதுன்னு பாத்து வை.

– பாத்துட்டேன். இந்த வேலை மட்டும் எனக்குத் தெரியும்... உக்காந்துச்சு. இப்ப அந்த கியர்பாக்ஸுப் பிணத்தத் தூக்கணும்.

– நல்ல வார்த்தை சொல்லு லா.

– சரி, மாப்பிள்ளையத் தூக்கணும். நீ வாலப் புடி, நான் தலையப் புடிக்கிறேன். முருகா... இன்னும் மேல... நுழையல. கீழ எறக்கு.

– மறுபடியுமா?

– மறுபடியும்தான். மூச்ச விட்டுட்டு வா.

– தேவா, ஜெராய் மலைப் பக்கம் கருக்கிடுச்சு. மழை வருதோ இல்லையோ, அந்த ஆளு வந்துடுவான்.

– பேசாம தூக்கு. கொஞ்சம் திருப்பு... திருப்பு... நுழையுது! அப்படியே புடி, விட்டுடாத, போல்ட்ட மாட்டிக்கிறேன்!

– நெசமாவா?

– நெசமாத்தான். கடவுளே, என் முதுகு போச்சு.

– நீ மனுசன்டா, தேவா. என் கூடப் பொறந்தவனே இவ்வளவு செய்ய மாட்டான்.

– அத அப்புறம் சொல்லலாம். போல்ட்டெல்லாம் முறுக்கியாச்சு, ஜாக்கிய எறக்கியாச்சு. மொதல்ல நான் மிதிச்சுப் பாக்குறேன். ஸ்டார்ட் பண்றேன்... காளி! வெண்ணெய் மாதிரி இருக்கு! கியர் சொல்லாமலே விழுது! பாரு, முன்னால ஒரு அடி நகருது, பின்னால வருது!

– எறங்கு, எறங்கு. என் காடி, நான்தான் கேட்டத் தாண்டி எடுக்கணும். மாலாவக் கூப்பிடு.

– மொதல்ல நீ எடு. போயிட்டு வந்து ஹாரன் அடி, தானா வருவா.

– பாத்துக்க. ஒண்ணுல போட்டேன். எண்ணெ பெடல மிதிக்கிறேன்... ஏன்டா போவல?

– எஞ்சின் கத்துது, காடி நகரல. கிளட்ச்ச விடு.

– விட்டுட்டேன்.

– விடல, காளி. கால எடு.

– எடுத்துட்டேன்டா!

– கருகல் வாடை வருது. எஞ்சின நிப்பாட்டு.

– நீ ஒழுங்கா மாட்டல. எங்கயோ தப்பு விட்டுட்ட. நான் அப்பவே...

– நிப்பாட்டு! நிப்பாட்டிட்டுக் குனிஞ்சு பாரு.

– என்னாத்தப் பாக்கச் சொல்ற?

– உன் கால் எங்க இருக்குன்னு பாரு.

– கீழதான்... 

– முட்டிதான் தூக்குது. பாதம் எங்க இருக்கு?

– பெடல் மேல இருக்கு.

– ம்.

– நான் எடுத்துட்டேன், தேவா. சாமி சத்தியமா எடுத்துட்டேன்.

– சரி. எறங்கி இப்படி உக்காரு. என் கையப் புடிச்சுக்க. பெடல்ல என்னா ஈரம்? எண்ணெயா... இல்ல, ரத்தம். காலத் திருப்பு. அய்யோ, காளி!

– என்னாடா?

– கிளிப்பு. நாம தேடுனோமே, அது உன் உள்ளங்கால்ல ஏறிக் கெடக்குடா. பாதிக்கு மேல உள்ள போயிருக்கு. இது மேலயா நீ இவ்வளவு நேரம் நடந்த?

– வலிக்கலயே.

– இப்ப தொடுறேன். தெரியுதா?

– எங்க தொடுற?

– கட்டைவிரல்ல.

– தொட்டுட்டியா?

– கிள்ளிக்கிட்டு இருக்கேன், காளி.

– இன்னும் கொஞ்சம் பலமா கிள்ளு.

– இதுக்கு மேல என் நகம்தான் ஒடியும்.

– தேவா...

– அன்னிக்கி பூக்குழியில உனக்கு சூடு தெரியலன்னியே. அது...

– அதச் சொல்லாத. அது ஆத்தா.

– காளி, கிளினிக்குல கால் பாக்கக் கூப்பிட்டது இதுக்குத்தான்டா.

– ஆத்தாதான்டா அது! மாலா இன்னமும் என் காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் படுக்குறா. அத மட்டும் எங்கிட்டேருந்து எடுத்துடாத. எனக்கு பயமா இருக்குடா.

– எனக்கும்தான் பயமா இருக்கு. அழாத. நான் என்னா செய்யணும், சொல்லு.

– மாலாகிட்ட சொல்லாத. காடி ஓடலன்னு சொல்லு. சாமான் சரியில்லன்னு சொல்லு. அந்த ஆளு வந்தா சாவியக் குடுத்துடுறேன். காடி போனாப் போவட்டும். பஸ்ஸு இருக்குல்ல எனக்கு.

– பஸ்ஸுலயும் இதே கால்தான், காளி.

– பஸ்ஸு பெடலு பெருசுடா. குனிஞ்சு குனிஞ்சு பாத்து மிதிச்சுக்குவேன். வேற என்னா வேலை தெரியும் எனக்கு? பதினெட்டு வயசுலேருந்து ஸ்டியரிங்கத் தவிர வேற எதையும் புடிச்சதில்லடா இந்தக் கை. யார்கிட்டயும் சொல்லிடாத, தேவா. உன் காலப் புடிச்சுக் கேக்குறேன்.

– விடு, விடு. காலெல்லாம் புடிக்காத.

– என்னாங்க! அந்த செர்டாங் ஆளு வந்துட்டாரு, கேட்டுல நிக்கிறாரு. காடி ஓடுதா, இல்லையா? தேவன் அண்ணே, நீங்க சொல்லுங்க. இவரு பொய் சொல்வாரு.

– ஓடல, தங்கச்சி. சாமான் சரியில்ல.

– அதான் அப்பவே சொன்னேன். சரி, அவர உக்கார வைக்கிறேன். ரெண்டு பேரும் கையக் கழுவிட்டு வாங்க.

– நல்லாயிருப்ப, தேவா. இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்.

– சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்லல. ஆனா காளி... ஷாமளாவ நாளையிலேருந்து நானே மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோயி விட்டுடுறேன்.

– மத்த பிள்ளைங்கள யாருடா கொண்டுபோயி விடுவா?