லைப்ரரியில் வேலை செய்யாதவர்

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு பெரியவரும் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் இருந்தார்கள். தெரிந்தவர்கள் போலிருந்தது. பனியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்த பெரியவர் திடீரென்று கேட்டார்:

"பிள்ளை, நீர் லைப்ரரியில வேலை செய்யிறீர் எண்டு அம்மா சொன்னவ. என்ர மகளுக்கும் அங்க ஒரு பார்ட் டைம் வேலை எடுத்துத் தாருமன்."

"அம்மா எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறவ, அங்கிள். நான் யூனிவர்சிற்றியில படிப்பிக்கிறன். அமெரிக்க லைப்ரரியளின்ர வரலாறுதான் என்ர ஆராய்ச்சி."

"இஞ்ச கனடாவில இருந்துகொண்டு அமெரிக்கா லைப்ரரியோ?"

"ஓம். பதினைஞ்சு வருசமா."

"புத்தகம் இரவல் குடுக்கிற இடத்தில என்ன பிள்ளை வரலாறு கிடக்கு?"

"ஆருக்குக் குடுக்கேல்லை எண்டதுதான் வரலாறு. கறுப்பின ஆக்களை வாசலிலயே திருப்பி அனுப்பின லைப்ரரியள் இருந்தது. அந்த லைப்ரரிக்காரர் எழுதி வச்ச பழைய கொப்பியளைத் தேடி வாசிக்கிறன். ஆரைத் திருப்பினவை, அந்தாள் என்ன புத்தகம் கேட்டு வந்தது, எல்லாம் எழுதுறன்."

"உதுக்கு அவங்களுக்குக் கோவம் வராதோ?"

"வரும். போன மாதம் ஒரு லைப்ரரி, தங்கட பேரை என்ர புத்தகத்தில இருந்து எடுக்கச் சொல்லிக் கேட்டது. ஏலாது எண்டிட்டன்."

பெரியவர் போனை எடுத்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி மனைவியிடம் சொன்னார்:

"இஞ்சாருமப்பா, பிள்ளை லைப்ரரியில வேலை செய்யேல்லையாம். லைப்ரரிக்காரர்தான் பிள்ளைக்குப் பதில் சொல்லோணுமாம்."