கிருமிப் பெட்டியை உடைத்த கை

"ஹலோ... ஆமா, அவரு போன்தான். உங்க மச்சினனோட போன்தான்... நான் லேப்ல இருந்து பேசுறேன். உங்க கூல்டிரிங்க்ஸ டெஸ்ட் பண்றவ... கத்தாதீங்க. ஆமாங்க, ஆமா, பக்கத்துலதான் இருக்காரு. அவரு போன் பேசுற நிலைமையில இல்ல, கையெல்லாம் ரத்தம்... என் ரத்தம் இல்லீங்க, அவரு ரத்தம்!"

அவள் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, மச்சினனின் வலது மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். சற்று முன் இதே கைதான் அவளை அறைந்தது. கிழிந்த உதட்டில் இன்னும் உப்புக் கரித்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை.

"எல்லாத்தையும் உடைச்சாச்சுங்க. நீங்க சொல்லி அனுப்புன வேலைய சுத்தமா முடிச்சிட்டாரு. மைக்ராஸ்கோப், ஃப்ரிட்ஜ், உங்க பாட்டிலு, வாட்ச்மேன் மண்டை... இருங்க, அதுக்குள்ள சந்தோஷப்படாதீங்க, முழுசா கேளுங்க. கடைசியா நாங்க கிருமி வளக்குற பெட்டியத் திறந்து, உள்ள இருந்த கண்ணாடித் தட்டையெல்லாம் வெறுங்கையால அள்ளி நொறுக்குனாரு. உள்ளங்கை பொளந்து கிடக்கு... துணியச் சுத்திட்டா சரியாப் போற வெட்டு இல்லீங்க இது!"

"...அட, அதத்தானே சொல்ல வர்றேன். பாட்டில்ல இருக்குற கிருமி கண்ணுக்குத் தெரியாது. அதத் தட்டுல விட்டு, தீனி போட்டு, கதகதப்பா வச்சு, கண்ணுல படுற அளவுக்குப் பெருக்கணும். அதுதான் எங்க பொழப்பு. பாட்டில்ல பத்து இருந்தா தட்டுல பத்து கோடி. அந்தப் பத்து கோடியத்தான் உங்க மச்சினன் வெட்டுக்குள்ள பூசிக்கிட்டு நிக்குறாரு. யானை தன் தலையிலயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட கதைதான்..."

"என்னது?... ஆமா, ஆமா, கேஸ் அடைச்சா கிருமி செத்துரும்னு உங்க மேனேஜரும்தான் அடிச்சுச் சொன்னாரு. சாகலையே! உங்க தண்ணித் தொட்டியில சாக்கடை கலந்திருக்கு. அதக் குடிச்ச பிள்ளைங்க ஆஸ்பத்திரில சுருண்டு கிடக்குதுங்க, அப்பவும் அது சாகலையே!"

மச்சினன் முனகினான். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அக்காளைக் கட்டிய மாமா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். மாமா அடி என்றால் அடிப்பான், ஏன் எதற்கு என்று கேட்ட வழக்கமில்லை. இப்போது அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். மாமாவின் குரல் அவனுக்குக் கேட்கவில்லை, அவள் பேசுவது மட்டும்தான் கேட்டது.

"மருந்து இருக்குங்க, இல்லாம என்ன. ஆனா இது சாதா மருந்துக்கு அசையாத கிருமி. வரிசையா போட்டுப் பாத்ததுல ஒரே ஒரு மருந்துக்குத்தான் அடங்குச்சு. அதோட பேரு என் மண்டைக்குள்ள இருக்கு, அத உங்க ஆளுங்களால உடைக்க முடியல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வெளிய நிக்குற டிரைவர்கிட்ட பூட்டத் திறக்கச் சொல்லுங்க... இவரு கெஞ்சிப் பாத்துட்டாரு! வெளிய பூட்டச் சொன்னதே இவருதான். இப்ப, முதலாளி சொன்னாத்தான் திறப்பேன்னு நிக்குறான் அந்தப் புண்ணியவான்."

"...டாக்டர் கேட்டா சொல்லித்தானே ஆகணும்? என்ன கிருமி, எங்க இருந்து வந்துச்சுன்னு... முடியாதுங்க. ஆணி குத்திருச்சுன்னு சொன்னா ஆணி குத்துனதுக்குத்தான் மருந்து குடுப்பாங்க... உங்க கம்பெனி பேரக் கெடுக்கணும்னு எனக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்ல... வெட்டுவீங்களா? வெட்டுங்க! என்னை அப்புறம் வந்து வெட்டுங்க, இப்ப கதவத் திறங்க!"

அவள் கத்தியதில் உதடு மறுபடியும் பிளந்து ரத்தம் தாடையில் வழிந்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை.

"இங்க பாருங்க, எனக்கு இவரு மேல பாசம் பொங்கி வழியல. வாட்ச்மேன அடிச்ச அடிய நான் பாத்தேன். இந்தக் கை அழுகுனா நான் உக்காந்து அழப்போறதில்ல. ஆனா எனக்குத் தெரிஞ்சு போச்சே! தெரிஞ்சுக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்குறது? உங்க வீட்டம்மாவோட கூடப் பொறந்தவரு. அவங்க முகத்த..."

அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன சொன்னீங்க?... ஒரு கைதானேவா?... ஒரு கை போனா போகட்டும்னா சொல்றீங்க?"

அவள் பிடித்திருந்த மணிக்கட்டு ஆடாமல் அசையாமல் நின்றது. அதுவரை வலியில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்த கை அது. அவளுக்கு முதல் முறையாக அவன்மேல் இரக்கம் வந்தது. கூடவே பயமும் வந்தது.

"...இல்லீங்க. நான் அவர்கிட்ட ஒண்ணுமே சொல்லல. உங்ககிட்டத்தானே பேசிக்கிட்டு இருக்கேன்... கேட்டுச்சாவா? கேக்காம? பக்கத்துலதானே நிக்குறாரு... முகமா? நல்லா இல்லீங்க... இருங்க, வைக்காதீங்க, போனக் கேக்குறாரு. இப்ப என்கிட்ட சொன்னத அப்படியே அவர்கிட்டயும் சொல்லிருங்க, ஒரு வார்த்த மாத்தாம... ஹலோ?... ஹலோ?"

மாமா வைத்துவிட்டார்.

போனுக்காக நீட்டிய இடது கையை மச்சினன் உடனே மடக்கவில்லை. பிறகு அதே கையால் இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போனான். முதல் அடியில் பலகை விரிந்தது. வெளியே டிரைவரின் போன் அடித்தது. கதவைத் திறந்துவிடாதே என்று சொல்ல மாமாதான் கூப்பிட்டிருப்பார். டிரைவர் அதை எடுத்துக் காதில் வைப்பதற்குள் கதவு பூட்டோடு பெயர்ந்து அவன்மேலேயே விழுந்தது.