மஞ்சள் கோடு

— இந்தப் பக்கமா வந்து சொல்லு மாப்ளே. ஆட்டம் எப்ப ஆரம்பிக்குது?

— வேகம் அறுபதைத் தொட்டதும் மாமா. அறுபத்தஞ்சு வரைக்கும் ஆட்டி எடுக்கும். எழுபதுல கொஞ்சம் அடங்கும். அப்புறம் அடியில ஒரு முனகல்.

— முனகலா, உறுமலா?

— என்னத்தச் சொல்ல? பதினாலு மாசமா கேட்டுக் கேட்டு எனக்கே முனகலாம்போல இருக்கு.

— பதினாலு மாசமாச்சா?

— ஆச்சு. இந்தப் பட்டறை வாசல்ல நான் கடைசியா கால் வெச்சும் பதினாலு மாசம்.

— நான் வண்டியைக் கேட்டேன்.

— ரெண்டுக்கும் ஒரே கணக்குதானே மாமா.

— சரி, அது கெடக்கட்டும். டீ சொல்லவா?

— வேணாம். நாலு மணிக்குள்ள ஜீப்பை ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தணும். பெரிய டாக்டர் பேப்பரை மேசை மேல வெச்சுட்டு உக்காந்திருக்கார். ஆட்டம் நின்னா வண்டி இருக்கும். நிக்கலைன்னா ஏலம். அப்புறம் வாடகை வண்டி வரும். அது டிரைவரோடயே வரும்.

— அப்ப உன் கதி?

— உங்க வீட்டு சோபாதான்.

— உங்க அக்காவுக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும். எனக்குத்தான் டிவி பாக்க இடமிருக்காது. சரி, என்னமோ போ. இதுவரைக்கும் யார் யார் கை வெச்சாங்க?

— மூணு பட்டறை. முதல் ஆளு நாலு சக்கரத்தையும் பேலன்ஸ் பண்ணான். அடுத்தவன் இன்ஜின் மவுன்ட்டை மாத்தினான். மூணாவது ஆளு கிளட்ச்சைப் பிரிச்சுப் போட்டு ஒரு வாரம் வேடிக்கை பாத்தான். ஒண்ணும் ஆகல. மலைக்கு ஏறும்போது நர்சம்மா தடுப்பூசிப் பெட்டியை மடியில வெச்சுக்கிட்டுத்தான் வருது. கீழ வெச்சா பாட்டிலும் பாட்டிலும் முட்டுதாம். அதுதான் நேத்து சொல்லிச்சு, ‘வண்டி வாசல்ல நுழையறப்பவே எந்த பேரிங்னு காதாலயே சொல்லிடுவாராமே, அவர்கிட்ட போங்களேன்’னு. அவர் எங்க அக்கா வீட்டுக்காரர்னு அதுக்குத் தெரியாது.

— நீ சொல்லலையா?

— என்னன்னு சொல்ல? பேச்சுவார்த்தை இல்லன்னா?

— ம். பின் சக்கரத்தைச் சுத்த வைக்கற பின் ஷாஃப்ட்டை எவனும் தொடலையா?

— எட்டிப் பாத்தாங்க. மாட்டறதுக்கு அடையாளமா போட்ட கோடு நேரா இருக்கு, அதுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க.

— சரி, ஏறு. நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்.

— முன்னாடி வாங்க மாமா, பேசிக்கிட்டே போகலாம்.

— ஊர்வலமா போறோம், பேசிக்கிட்டுப் போக? தரையில கை வெச்சுப் பாக்கணும். எடு.

— ஐம்பத்தஞ்சு... அறுபது... இந்தா, வந்துடுச்சு. கேக்குதா மாமா? மாமா!

— எதுக்குக் கத்தறே? கையில தெரியுது.

— கேக்குதான்னு கேட்டேன்.

— தெரியுதுங்கறேன்ல? சொல்றதைச் செய். நியூட்ரல் போட்டு உருள விடு.

— போட்டாச்சு. நிக்கல.

— கண்ணாடியைப் பாத்துப் பேசு. காத்து அடிக்குது.

— நிக்கல மாமா!

— அப்ப இன்ஜினும் இல்ல, கிளட்ச்சும் இல்ல. பாவி, ஒரு வாரம் தண்டத்துக்குப் பிரிச்சுப் போட்டிருக்கான். ஸ்டியரிங் ஆடுதா?

— இல்ல. சீட்டுதான்.

— சக்கரமா இருந்தா ஸ்டியரிங்கும் ஆடியிருக்கும். இது நடுவுல, அடியில. திருப்பு. பட்டறைக்குப் போகலாம்.

— மாமா, போன் அடிக்குது. உங்க சட்டைப் பையில.

— அடிக்கட்டும். உங்க அக்காவாத்தான் இருக்கும்.

— நான் பண்ணப்பவும் எடுக்கல. எட்டு தடவை பண்ணேன்.

— கோபத்துல இருந்தேன்.

— கோபம்னே வெச்சுக்கலாம்.

— குழிக்கு நேரா நிறுத்து. போதும், போதும். நீயே இறங்கு, எனக்கு முட்டி மடங்கல. பின் ஷாஃப்ட்டைக் கழட்டி வெளிய எடுத்துட்டு, நாலு சக்கர கியரைப் போடு. முன் சக்கரம் மட்டும் இழுக்கும். அப்படி ஓட்டிப் பாக்கறப்ப ஆட்டம் போயிட்டா குத்தம் அந்த ஷாஃப்ட்லதான்.

— தெரியும் மாமா. பத்து வருஷம் இந்தக் குழியிலதான் நின்னேன்.

— தெரிஞ்சவன் நீயே கழட்டிப் பாத்திருக்கலாம்ல?

— இங்கிருந்து போய் டிரைவர் வேலையில சேந்தாச்சு, டிரைவர் ஸ்பேனரைத் தொடக்கூடாதுன்னு ஆபீஸ்ல ஆர்டர். அதுவும் இல்லாம...

— அதுவும் இல்லாம?

— ஷாஃப்ட் வருது. தள்ளி நில்லுங்க.

— வெயிட்டாத்தான் இருக்கு. பெஞ்சு மேல கிடத்திட்டு ஒரு சுத்து போயிட்டு வா. நான் வரல. வந்து சொல்லு, போதும்.

— போயிட்டு வந்துட்டேன் மாமா. எண்பது வரைக்கும் போனேன். ஒண்ணுமில்ல. இந்தப் பாழாப்போன வண்டியில முதல் தடவையா ரேடியோ கேட்டேன்.

— ஒண்ணு... ரெண்டு... மூணு...

— மாமா?

— இங்க வா. இதைப் பாரு.

— ம்.

— கோடு நேரா இருக்கு. ஆனா ரெண்டு முனையில கவட்டை மாதிரி இருக்கற கவையும் ஒண்ணுக்கொண்ணு நேரா இல்ல. ஷாஃப்ட்டோட ரெண்டு துண்டும் சேர்ற இடத்துல மூணு பல்லு தள்ளி மாட்டியிருக்கு. இதுதான் ஆட்டற ஆட்டம்.

— ஆமா.

— கோட்டைப் பாத்து மாட்டினா கவை கோணுது. கவையைப் பாத்து மாட்டினா கோடு கோணுது. அப்ப கோடுதான் தப்பு.

— ஆமா மாமா.

— மஞ்சள் பெயிண்ட். ரெண்டு கோடு, ஓரத்துல ஒரு புள்ளி. இந்தத் தொழில்ல இப்படிப் போடறது நான் ஒருத்தன்தான்.

— நீங்க ஒருத்தர்தான்.

— கழட்டறதுக்கு முன்னாடி கோடு போடணும்னு உங்க எல்லார் உசிரையும் எடுப்பேன். நானே கழட்டிட்டு, அப்புறம் போட்டிருக்கேன். கைக்கு வந்த இடத்துல.

— அன்னைக்கு நீங்க லேட்டா வந்தீங்க மாமா. பதினொரு மணி இருக்கும்.

— காலையில ஒரு டாக்டரைப் பாக்கப் போயிருந்தேன். மனசு சரியில்ல.

— என்ன டாக்டர்?

— ஏதோ ஒரு டாக்டர். அந்த மூணு பல்லைத் திருப்பிப் போட்டு மாட்டு. மணி ஆகுது. இந்தக் கோட்டை நானே அழிக்கறேன். டீசல் துணி எங்க?

— உங்க தோள்ல.

— ம். போல்ட்டை ஒரே அளவுக்கு முறுக்கு. அவசரப்படாதே.

— ஆச்சு மாமா. வாங்க, ஒரு தடவை நீங்களும் பாத்துடுங்க. இந்தா, ரோட்டுக்கு வந்துட்டோம், அறுபத்தஞ்சைத் தாண்டி எழுபதுல போகுது இப்ப.

— நின்னுடுச்சா?

— உங்களுக்கு எப்படி இருக்கு?

— கைக்கு நின்னுடுச்சு. உன்னைக் கேக்கறேன்.

— சுத்தமா நின்னுடுச்சு. நர்சம்மா இனிமே பெட்டியைக் கீழ வெச்சுட்டுத் தூங்கிக்கிட்டே வரலாம்.

— ஓரமா நிறுத்து.

— மணி மூணேகால் மாமா.

— நிறுத்துங்கறேன்ல? இன்ஜினையும் ஆஃப் பண்ணு. இப்ப என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. கவை கோணலா இருக்கறது பத்து வருஷக்காரனுக்குத் தெரியாம இருக்காது. தெரிஞ்சுதான் மாட்டினியா?

— தெரிஞ்சுதான்.

— ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னேன் மாமா.

— எப்ப?

— அப்பவே. குழிக்குள்ள இருந்து. ‘மாமா, கோடு தப்பா இருக்கு, கவையைப் பாத்து மாட்டட்டுமா’ன்னு கேட்டேன். நீங்க மேல நின்னு தலையாட்டினீங்க. மறுபடியும் சத்தமா கேட்டேன். ‘கோட்டைப் பாத்து மாட்டுடா’ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. கோட்டைப் பாத்து மாட்டிட்டேன். சாயங்காலம் தனியா இருக்கறப்ப உங்க இடது பக்கமா வந்து சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரி ஆபீஸ்காரர் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார்.

— மறுநாள் வந்து கத்தினார்.

— கத்திட்டு வேற பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டார்.

— அந்த மூணு பட்டறையில எவன்கிட்டயாவது சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை. பதினாலு மாசம் இந்த ஆட்டத்துல உக்காந்து ஓட்டியிருக்கே. உனக்கென்ன பைத்தியமா?

— சொன்னா கோட்டைப் பாப்பாங்க. மஞ்சள் கோடு யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஏலம்னு பேச்சு வந்தப்புறம்தான் வேற வழியில்லாம இங்க கொண்டு வந்தேன். நீங்களே பாத்துட்டா நான் வாயைத் திறக்க வேண்டாம்ல.

— எனக்கு வெக்கமா இருக்கு மாப்ளே. அன்னைக்கு வாசல்ல ஆறு பேர் நின்னாங்க. அத்தனை பேர் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். கோட்டைப் பாத்து மாட்டத் தெரியாத கைக்கு எதுக்கு ஸ்பேனர்னு பிடுங்கிப் போட்டேன். ‘நான் சொன்னேன், நீங்கதான் கவனிக்கல’ன்னு அப்பவே சொல்லியிருந்தா நான் அடங்கியிருப்பேன்ல? ஏன்டா சொல்லல?

— அந்த ஆறு பேரும் உங்க காதை நம்பி வண்டி விட்டவங்க மாமா.