பார்த்ததும் அழிந்துவிடும்

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். பழவேற்காடு பாலம் தாண்டி, கடலோரமாகத் தெற்கே போகும் மணல் ரோடு. ஒரு பக்கம் சவுக்கு. இன்னொரு பக்கம் ஏரித் தண்ணீர். அந்த நேரத்தில் அங்கே வண்டி எதுவும் வராது. காற்றும் நின்றுவிட்டால்... ஒரு சத்தமும் இருக்காது.

வரதன் பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான்.

வரதன், அனிதாவின் சித்தி மகன். இதோ, தலைவரைக்கும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் அனிதா. நான் எதையாவது மாற்றிச் சொன்னால் அவளே திருத்துவாள். காட்டூர்ப் பக்கம் யார் வீட்டில் டிவி படுத்தாலும் வரதனைத்தான் கூப்பிடுவார்கள். பேய் பிசாசு என்றால் சிரிப்பான்.

மாலா, அந்த டார்ச்சை அணைத்துவிடு. கரண்ட் போன மண்டபத்துக்கு ஜெனரேட்டர் வரும்போது வரட்டும். காலையில் கல்யாணம். அதுவரை யாரும் தூங்கப் போவதில்லை.

வரதனுக்குப் போன் செய்தவள் கலைவாணி. சுனாமிக்குப் பிறகு அந்தக் கடலோரக் குப்பத்தில் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. கணவன் ரஞ்சித் கடலுக்குப் போகிறவன். விடிவதற்கு முன்பே படகு தள்ள வேண்டும் என்பதால் இருட்டியதும் தூங்கிவிடுவான். ஆனால் கபடி என்றால் அவனுக்கு உயிர். ஆட்டமோ ராத்திரியில்தான் வரும். அதற்காகவே, டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைக்கிற செட்டாப் பாக்ஸ் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தான். கலைவாணி தினமும் ஆட்டத்தைப் பதிவுக்குப் போடுவாள். மறுநாள் மீனை ஏலம் விட்டுவிட்டு வந்து, சுவரோரப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரிமோட்டும் கையுமாகப் பார்ப்பான்.

ஐப்பசியில் ஒருநாள் போன படகு திரும்பவில்லை. மூன்று பேர். ஒருவர் உடலும் ஒதுங்கவில்லை.

உடல் கிடைக்காத வீட்டில் சாவு உடனே நடக்காது. ஊர் காத்திருக்கும். பிறகு நாள் பார்த்து, தர்ப்பையில் உருவம் செய்து, அந்த உருவத்துக்குக் காரியம் செய்வார்கள். தாலி இறங்குவது அன்றுதான். மற்ற இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். வருகிற அமாவாசை என்று முடிவாயிற்று. கலைவாணி மட்டும் முடியாது என்றாள். அவர் வருவார். வந்ததும் ஆட்டம் என்ன ஆயிற்று என்றுதான் முதலில் கேட்பார். தினமும் பதிவுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மாமியார் சரோஜா டிவி மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். சாவு வீட்டில் டிவி ஓடக் கூடாது. ஓடவும் இல்லை. மூடிய டிவிக்குக் கீழே, ராத்திரியில், பெட்டி மட்டும் சிவப்பு விளக்கு எரிய, தானாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

காலையில் கலைவாணி போர்வையை விலக்கிப் பார்த்தால் பதிவு இருக்கும். சாயங்காலம் பார்த்தால்... இருக்காது.

வரதன் வண்டியை நிறுத்தும்போதே சண்டை கேட்டது.

“வாண்ணா. யாரு அழிக்கிறாங்கன்னு மட்டும் கண்டுபுடிச்சு சொல்லு. எனக்கு அது போதும்.”

“என்னத்தான் சொல்றா நைனா.” சரோஜா வாசலில் காய்ந்த கருவாட்டைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். “அந்த ரிமோட்டுல எது தல, எது காலுன்னே எனுக்குத் தெரியாது. அத வெச்சி நான் இன்னாத்த அழிக்கிறது?”

“தெரியாதவங்கதான் போர்வய போட்டு மூடுனீங்களா?”

“பெத்தவ நானே ஒத்துக்கினேன். நீ யார்றீ ஒத்துக்காம இருக்க?”

கலைவாணி கழுத்துத் தாலிக் கயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.

வரதன் இரண்டு பேரையும் வெளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனான். முதலில் பிளக். பிறகு டிஷ் ஒயர். சிக்னல் நன்றாக இருந்தது. கடிகாரம் சரியாக ஓடியது. பெட்டியில் காது வைத்துக் கேட்டான். உள்ளே டிஸ்க் சீராகச் சுற்றியது. ஒன்றும் கெடவில்லை. டிவியைப் போட்டு, செட்டிங்கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். காரணம் அங்கே இருந்தது.

“தங்கச்சி, ரெக்கார்டிங் பார்த்து முடிச்சதும் தானா அழியற மாதிரி வெச்சிருக்கு. யாரு வெச்சது?”

“அவருதாண்ணா. பெட்டில எடம் பத்தலன்னு.”

“அப்போ யாரும் அழிக்கல. யாரோ பாக்கறாங்க. கடைசி வரைக்கும் பாத்தாத்தான் அது அழியும்.”

சரோஜா வெளியிலிருந்தே சொன்னாள்.

“பகல்ல நாங்க ரெண்டு பேரும் ஏரிச் சேத்துல எறா தடவிப் புடிக்கப் பூடுவோம் நைனா. வூடு பூட்டிக் கெடக்கும்.”

“சாவி?”

“என் இடுப்புல” என்றாள் கலைவாணி.

வரதன் சோதித்துப் பார்க்க நினைத்தான். செய்தியில் கொஞ்சத்தைப் பதிவு செய்தான். டிவியை அணைத்தான். போர்வையைப் பழையபடி இழுத்து மூடிவிட்டு, ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டிக்கு ஓரமாக உட்கார்ந்தான்.

பதிவு முடிந்து சிவப்பு விளக்கு அணைந்தது. ஜன்னல் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அந்த ஜன்னல் கடல் பக்கம். ஆனால் அறையில் ஏரிச் சேற்று வாசனை. கிளறிவிட்ட சேறு.

பெட்டியில் பச்சை விளக்கு ஒருமுறை கண்ணடித்தது.

ரிமோட்டில் எதையாவது அமுக்கினால் பெட்டி அப்படிக் கண்ணடிக்கும். ரிமோட் அவன் பையில் இருந்தது.

மறுபடியும். டக்... டக். டிஸ்க் வேகமாகச் சுற்றத் தொடங்கியது.

போர்வையைத் தூக்கி டிவியைப் போட்டான். அவன் பதிவு செய்த செய்தி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் வந்தது. பச்சை விளக்கு கண்ணடித்தது. விளம்பரம் வேகமாக ஓடியது. செய்தி வந்ததும் இன்னொரு முறை கண்ணடித்து, சாதாரணமாக ஓடியது.

“அய்ய... பேய்க்கும் விளம்பரம் புடிக்கலயா?” என்கிறாள் மாலா. சிரிக்கலாம். வரதனுக்கும் அப்போது சிரிப்பு வந்ததாம். பக்கத்து வீட்டுப் பையன் எவனோ ஜன்னல் வழியாக விளையாடுகிறான் என்று நினைத்தான். ஜன்னலைச் சாத்தினான். விளக்கு கண்ணடித்தது. பெட்டியின் முகப்பைக் கையால் மறைத்தான். நின்றுவிட்டது. கையை எடுத்தான். கண்ணடித்தது. அப்படியானால் வெளிச்சம் ஒன்று உண்மையிலேயே வருகிறது. அறைக்குள் இருந்துதான் வருகிறது.

ரிமோட்டின் முனையில் எரியும் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. போன் கேமராவுக்குத் தெரியும். ரிமோட் வேலை செய்கிறதா என்று ரிப்பேர்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். பல போன்களில் பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடும். முன்பக்கக் கேமராவில் நன்றாகத் தெரியும். நீங்களும் செய்து பார்க்கலாம். இப்போது வேண்டாம்.

முன்பக்கக் கேமரா என்றால், எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

வரதன் திரும்பி உட்கார்ந்து போனைத் தூக்கினான். திரையில் அவன் முகம். பின்னால் சுவர். சுவரோரம் பாய். பாயில் யாரும் இல்லை.

பாய்க்கு மேலே, சம்மணம் போட்டு உட்கார்ந்த ஆளின் முழங்கால் உயரத்தில்... வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி. எரிந்தது. அணைந்தது. அதே நொடியில் எதிரே பெட்டி கண்ணடித்தது.

செய்தி முடிந்தது. பதிவு தானாக அழிந்தது.

எழுந்து ஓடத்தான் நினைத்தான். வாசற்படியில் கலைவாணி நின்றிருந்தாள்.

“யாருண்ணா?”

பெட்டி கெட்டுவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டிருக்கலாம். வாயெடுத்தான். அதற்குள் அவள் உள்ளே வந்து, அவன் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள். அவன் உட்கார்ந்திருந்தபடியே உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“அவுரு உக்கார்ற எடம்” என்றாள்.

பிறகு தலையைத் திருப்பாமல், “அத்த, நான் ஒத்துக்கறேன். ஊர்ல சொல்லிடுங்க” என்றாள்.

அவ்வளவு நாள் ஒத்துக்கொள் என்று சண்டை போட்ட சரோஜா, கருவாட்டுக் கூடை மேலேயே விழுந்து கதறினாள்.

அமாவாசை அன்று காரியம் முடிந்தது. தாலி இறங்கியது. ஆனால் கலைவாணி பெட்டியை மட்டும் அணைக்கவில்லை. தினமும் ஆட்டத்தைப் பதிவுக்குப் போட்டாள். மத்தியானம் ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டு அந்தப் பாயில் போய் உட்கார்ந்தாள். சோறு வைத்தாள். பேசினாள். சரோஜாவும் மகனுக்காக ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள்.

தை பிறந்ததும் வரதனுக்கு அந்தக் குப்பத்திலிருந்து போன். பின்னால் வெடிச் சத்தம்.

ரஞ்சித் உயிரோடு வந்துவிட்டான்.

எஞ்சின் நின்றுபோய், நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், பர்மா கரையில் ஒதுங்கியிருக்கிறார்கள். யார், எந்த ஊர் என்பதையெல்லாம் சரிபார்த்து ஊர் திரும்ப இவ்வளவு நாள். மூன்று பேரும் வந்துவிட்டார்கள். ஆமாம், மாலா. மூன்று பேரும்தான்.

அம்மன் கோயிலில் மறுபடியும் தாலி கட்டினார்கள். வரதன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான். ரஞ்சித் இளைத்துப் போயிருந்தான். தோள் எல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. கலைவாணி பந்தியில் சிரித்துக்கொண்டே பரிமாறினாள். வரதனின் இலைப் பக்கம் வந்தபோது மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

ரஞ்சித் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கினான். அதற்குச் சில நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரத்தில், கலைவாணி கூப்பிட்டாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“அண்ணா... ரெக்கார்டிங் இன்னும் அழியுது.”

“ரஞ்சித் பாத்திருப்பாரு, தங்கச்சி.”

“அவுரு நேத்து போனவரு. தங்கல் வலைக்கு, கடல்லயே தங்கிப் புடிக்க. நாளைக்குத்தான் வருவாரு.”

அந்தப் பக்கம் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

“அவருன்னு நெனச்சி பக்கத்துலயே உக்காந்திருந்தேண்ணா. எல்லாத்தையும் சொன்னேன். இந்த வூட்ட வுட்டு எங்கயும் போயிடாதன்னு... கையெடுத்துக் கும்பிட்டேன்.”

“மொதல்ல பெட்டிய அணைச்சிட்டு வெளிய வா.”

“அணைச்சிட்டேன். ஒயரயும் புடுங்கிட்டேன்.”

“அப்புறம் இன்னா?”

“பேசிக்கினேதான் போன்ல பாக்கறேன். அந்தப் புள்ளி எரியுது.”

அவள் குரல் இன்னும் தாழ்ந்தது.

“பெட்டியப் பாத்து இல்லண்ணா... எம்பக்கமா திரும்பி, அமுக்கிக்கினே கீது.”